மேலக்காவின் முகப்படம்

அந்தக் கட்டட வேலையிடத்தில் எல்லோருக்கும் அவள் மேலக்கா. சொந்தப் பெயர் சம்பளச் சீட்டில் இருக்கிறது, அது அங்கேயே இருக்கட்டும். டவர் கிரேனின் உச்சியில், உட்கார்ந்தால் முழங்கால் கண்ணாடியில் இடிக்கிற கேபினுக்குள், எல்லோருக்கும் முன்னால் வந்து ஏறிவிடுவாள். எல்லோரும் போன பிறகுதான் இறங்குவாள். கம்பிக்கட்டு, பலகை, கான்கிரீட் வாளி, ஒரு தடவை இன்ஜினியரின் மேஜை, இப்படி அந்த இடத்தில் தரையை விட்டுக் கிளம்பிய எதுவும் அவள் தயவில்லாமல் கிளம்பியதில்லை. அப்பேர்ப்பட்டவளை ஒரு டேட்டிங் ஆப் உட்கார வைத்து வியர்க்க வைத்தது என்றால் நம்புவீர்களா? நம்பித்தான் ஆகவேண்டும்.

சங்கதி இதுதான். நாற்பத்தொரு வயதுவரை அவள் இருந்தது தங்கை வீட்டில். தங்கை, தங்கை புருஷன், அவர்கள் மகள், இவள் என்று நாலு தட்டு போடுகிற மேஜை. இப்போது தங்கை புருஷனுக்கு வேறு ஊருக்கு மாற்றல் வந்துவிட்டது. "நீயும் வந்துடேன்க்கா" என்றாள் தங்கை. வரலாம், ஆனால் கிரேன் வராதே. பள்ளிக்கூடம் லீவு விட்டதும் அவர்கள் கிளம்பிவிடுவார்கள், அப்புறம் அந்த மேஜையில் ஒரே ஒரு தட்டு. அதை நினைத்த நாளிலிருந்து மேலக்காவுக்குச் சோறு இறங்கவில்லை.

தங்கைக்கு வேலை பல்செட் செய்கிற கூடத்தில். உலகத்தில் உள்ள எல்லாப் பல்லும் வரிசையில் நிற்கவேண்டும் என்பது அவள் கட்சி. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் அக்காவைச் சுவரோரம் நிறுத்தி, போனைத் தூக்கிப் பிடித்தாள்.

"சிரிக்கா. இப்படி இல்ல. வாயை மூடிச் சிரி."

"வாயை மூடிக்கிட்டு எப்படிடி சிரிக்கிறது?"

"அந்த ஒரு பல்லு மேல ஏறி உட்கார்ந்திருக்கு பாரு, அது தெரியக்கூடாது."

வாயை மூடியும் பல் தெரிந்தது. தங்கை விடவில்லை. போனிலேயே விரலால் தேய்த்துத் தேய்த்துப் பல்லை உள்ளே தள்ளினாள், கன்னத்தை வழித்தாள், கண்ணுக்குக் கீழே இருந்த கருப்பைத் துடைத்தாள். முடித்துவிட்டுக் காட்டினாள்.

"இது யாருடி?"

"நீதான்."

"நான் எப்ப இவ்வளவு வெளுத்தேன்? வெயில்ல கருகிக் கிடக்கிறவளை மாவுல புரட்டி எடுத்தாப்ல இருக்கு."

படத்துக்குக் கீழே தங்கை எழுதி வைத்திருந்ததையும் படித்தாள். 'அமைதியான குடும்பப் பெண். கட்டுமானத் துறையில் அலுவலகப் பணி. சமையல், இசை, பயணம் பிடிக்கும்.'

"பயணமா? நான் எங்கடி பயணம் போனேன்?"

"தினம் மேலயும் கீழயும் போறியே, அது போதாதா?"

"அலுவலகப் பணியாம்! கிரேன் ஓட்டுறேன்னு போடேன்."

"போட்டா எவனும் எட்டிப் பார்க்கமாட்டான்க்கா. ஆம்பளைங்களுக்குத் தலைக்கு மேல ஒருத்தி உட்கார்ந்திருந்தா ஆகாது. முதல்ல வரட்டும், அப்புறம் மெதுவாச் சொல்லிக்கலாம்." சொல்லிக்கொண்டே வந்தவளுக்குக் குரல் உடைந்தது. "நீ தனியா உட்கார்ந்து சாப்பிடுறதை நினைச்சா எனக்கு அங்க ஒரு வாய் இறங்குமாக்கா?"

மேலக்கா சரி என்றாள். நாளைக்கு ஒரு தடவை படித்துப் பார்த்துவிட்டுப் ஆப்பில் ஏற்றுகிற பச்சைப் பட்டனைத் தானே அமுக்குவதாக வாக்குக் கொடுத்தாள். மனசுக்குள் வேறு ஒரு கணக்கும் போட்டுக்கொண்டாள். இதை ஒரே ஒரு தடவைதான் செய்வது, அதிலும் மானம் போனால் அழித்துவிட்டு, ஒற்றைத் தட்டோடு காலத்தை ஓட்டப் பழகிக்கொள்வது.

மறுநாள் மத்தியானம் காற்று கிளம்பியது. காற்று மீட்டர் முள் சிவப்பைத் தொட்டதும் வேலையை நிறுத்திவிட வேண்டும். மேலக்கா கொக்கியை மேலே ஏற்றி, கிரேனின் நீளக் கையைச் சுழலாமல் பிடித்திருக்கிற பிரேக்கை விடுவித்தாள். கேட்டால் தலைகீழாகத் தோன்றும், ஆனால் கிரேன் விஷயம் அப்படித்தான். கையைப் பூட்டி வைத்தால் காற்று மொத்தக் கிரேனையும் சாய்த்துவிடும். விட்டுவிட்டால் அது தானாகத் திரும்பி, காற்றின் போக்கில் சாதுவாக நிற்கும். தினம் வேலை முடிந்து போகும்போதும் அப்படியே விட்டுவிட்டுத்தான் போவார்கள். இது தெரியாத யாரோ ஒரு புண்ணியவான் ஒரு நாள் காவல்காரரிடம் வந்து, கிரேனைப் பூட்டாமல் போகிறார்கள், ஆபத்து என்று பதறிவிட்டுப் போனாராம். அன்றைக்கு வேலையிடம் முழுக்கச் சிரிப்பு. மேலக்காவும் வயிறு வலிக்கச் சிரித்தாள்.

காற்று அடங்கும்வரை மேலே சும்மா உட்கார்ந்திருக்க வேண்டியதுதான். சாப்பாட்டுப் பையைக் காலடியில் வைத்தாள். இங்கேதான் வந்தது வினை. காலடியில் ஒரு பெடல் இருக்கிறது. அதை மிதித்தால் அவள் பேசுவது கீழே உள்ள வாக்கிடாக்கிகளில் கேட்கும். இரண்டு கையும் கிரேனை ஓட்டுவதில் இருப்பதால் பேச்சைக் காலுக்குக் கொடுத்திருக்கிறார்கள். அவள் பேசும்போது கீழே இருந்து யாரும் பேசமுடியாது, பெடலை விட்டால்தான் அவர்கள் குரல் மேலே வரும். கனத்த டப்பா உள்ள அந்தப் பை, அழகாகப் பெடல் மேல் ஏறி உட்கார்ந்துகொண்டது. அவள் பார்க்கவில்லை. போனைத் திறந்தாள்.

நாள் பூராவும் தனியாக இருப்பவர்களுக்கு வாய்விட்டுப் பேசுகிற பழக்கம் தானாக வந்துவிடும். மேலக்கா உரக்கவே படித்தாள்.

"அமைதியான குடும்பப் பெண்... ம்க்கும்! முந்தாநேத்து பலகையைத் தப்பாக் கட்டுனதுக்கு நான் திட்டுனது அடுத்த தெரு வரைக்கும் கேட்டிருக்கும். இது அமைதியாம்."

கீழே, காற்றுக்கு ஒதுங்கி எல்லோரும் சாப்பாட்டுக் கொட்டகையில் இருந்தார்கள். கைகாட்டி இடுப்பில் ஒரு வாக்கிடாக்கி, கம்பிக்காரர் இடுப்பில் ஒன்று, இன்ஜினியர் மேஜையில் ஒன்று. மூன்றும் சேர்ந்து "அமைதியான குடும்பப் பெண்" என்றன. கொட்டகையே குலுங்கியது. கைகாட்டி என்பவர் கீழே நின்று அவளுக்குச் சைகையும் குரலும் கொடுக்கிற பெரியவர். அவர் பட்டனை அமுக்கி அமுக்கிப் பார்த்தார். வெளியே ஓடிப்போய் இரண்டு கையையும் ஆட்டினார். மேலக்கா குனிந்து போனைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சரி, நாமே சொல்லிப் பார்ப்போம். எனக்கு நாற்பத்தொண்ணு. கிரேன் ஓட்டுறேன். சிரிச்சா ஒரு பல்லு முன்னால வந்து வணக்கம் சொல்லும். சமைக்கத் தெரியும், உப்பு மட்டும் ஒரு கை கூடப் போயிடும்." கொஞ்சம் நிறுத்தினாள். காற்று கண்ணாடியை உரசிக்கொண்டு போயிற்று. "நாள் பூரா மேல தனியாத்தான் இருக்கேன். அது எனக்குப் பிடிச்சும் இருக்கு. இறங்குனப்புறம் எதிர்ல இன்னொரு தட்டு இருக்கணும். அவ்வளவுதான். அந்தத் தட்டு முன்னால ஒருத்தர் உட்கார்ந்து, இன்னிக்கு மேல காத்தா, வெயிலான்னு கேட்டா போதும். வேற ஒண்ணும் வேணாம்... இதைப் போய் எவன்கிட்ட சொல்றது? லூசுன்னு நினைப்பான்."

கொட்டகையில் இப்போது ஒருத்தரும் சிரிக்கவில்லை. கம்பிக்காரர் மென்றுகொண்டிருந்ததை விழுங்க மறந்துவிட்டார்.

தண்ணீர் எடுக்க மேலக்கா பையைத் தூக்கினாள். பெடல் 'டக்'கென்று எழும்பியது. அந்தச் சத்தம் அவளுக்குத் தெரியும். எப்படித் தெரியாமல் இருக்கும்?

"மேலக்கா." கைகாட்டியின் குரல்.

"சொல்லுங்கண்ணே."

"பை பெடல் மேல இருந்துச்சும்மா."

"...எப்பலேருந்து?"

"அமைதியான குடும்பப் பெண்லேருந்து."

ஐயோ என்று ஆகிவிட்டது. காது சூடேறி, கழுத்துவரை எரிந்தது. இவ்வளவு உயரத்தில் உட்கார்ந்திருந்தும் ஒளிந்துகொள்ள இடமில்லை, நாலு பக்கமும் கண்ணாடி. மானம் போனால் அழித்துவிடுவது என்று நேற்றுத்தானே முடிவு செய்தாள்? போயேவிட்டது, அதுவும் ஒலிபெருக்கி வைத்து. போனில் அழிக்கிற பட்டன் மேல் கட்டைவிரலை வைத்தாள்.

"மேலக்கா, கேக்குதா? கீழே வரிசை கட்டி நிக்கிறாங்க. ஆளாளுக்கு உன்கிட்ட ஏதோ சொல்லணுமாம். கிரேனுக்கு ஒரே குரல்தான் போகணும், அது சட்டம். அதனால நான்தான் சொல்லணும். என் தலையெழுத்து. கேட்டுக்க."

சரக்கு இறக்கும்போது பேசுகிற அதே சமக்குரலில் அவர் ஆரம்பித்தார்.

"கம்பிக்காரர் சொல்றாரு. நீ கம்பி இறக்குனா, பக்கத்துப் பலகையில வெச்ச டீ ஆடாதாம். எத்தனையோ கிரேன் பார்த்துட்டாராம், இப்படி ஒண்ணு பார்த்ததில்லையாம். அதை அதுல போடணுமாம்."

மேலக்காவின் விரல் நின்றது.

"கான்கிரீட் ஆளுங்க சொல்றாங்க. அமைதின்னு மட்டும் போட்டுடாதேன்றாங்க. நாளைக்கு வர்றவன் எங்க மேல கேஸ் போடுவானாம். கூட்டுற அம்மா சொல்லுது. மழை வர்றதுக்கு முன்னாடியே நீ மேல இருந்து மழை மழைன்னு கத்துவியாமே, அதனால அது காயப்போட்ட துணி ஒரு நாளும் நனைஞ்சதில்லையாம். இன்ஜினியர் சொல்றாரு... என்ன சார்? சரி சார். மேஜையில ஒரு கீறல்கூட இல்லையாம், ரொம்ப நன்றியாம்."

மேலக்கா வாயைப் பொத்திக்கொண்டாள். சிரிப்பா, அழுகையா என்று அவளுக்கே தெரியவில்லை.

அப்புறம் வாக்கிடாக்கியில் ஏதோ இழுபறி. "குடுங்கண்ணே, நானே சொல்லிக்கிறேன்" என்று ஒரு குரல். சட்டம் உடைந்தது.

"அக்கா, நான் பலகை அடிக்கிறவன். அன்னிக்கு கான்கிரீட் வாளி வந்தப்ப அண்ணன் இறக்குன்னுதான் சொன்னாரு. நீங்க இறக்கல. அப்படியே பிடிச்சு வெச்சிருந்தீங்க. ஞாபகம் இருக்கா?"

நன்றாக ஞாபகம் இருந்தது. தூண் ஓரத்தில் ஒரு மஞ்சள் ஹெல்மெட் தெரிந்தது. எல்லா ஹெல்மெட்டும் விலகியபோது அது மட்டும் விலகவில்லை. அவளுக்கு என்னவோ சரியாகப் படவில்லை, வாளியை அந்தரத்திலேயே நிறுத்திவிட்டாள். நேரம் போகிறது என்று இன்ஜினியர் கூடக் கத்தினார். கடைசியில் மஞ்சள் நகர்ந்த பிறகுதான் இறக்கினாள். அது யார், ஏன் என்று அவள் கேட்டதே இல்லை.

"தூணுக்குப் பின்னால கம்பியில கால் மாட்டிக்கிச்சுக்கா. அந்த அண்ணனுக்கு நான் தெரியல. உங்களுக்கு மட்டும்தான் தெரிஞ்சேன். வந்து சொல்லணும்னு தினம் நினைப்பேன். நீங்க இறங்குறதுக்குள்ள என் பஸ் போயிடும்." மூச்சை இழுக்கிற சத்தம் கேட்டது. "அந்த மஞ்சள் ஹெல்மெட் நான்தான்க்கா. கொட்டகை முன்னால பாருங்க."

மேலக்கா கண்ணாடியில் நெற்றியை வைத்துக் கீழே பார்த்தாள். ஹெல்மெட் கட்டாயமில்லாத அந்த வெட்டவெளிக்கு எல்லோரும் வந்திருந்தார்கள். இத்தனை காலமாக அவளுக்கு அவர்கள் நிறங்கள்தான். மஞ்சள் என்றால் பலகை, சிவப்பு என்றால் கம்பி, வெள்ளை என்றால் இன்ஜினியர். முதலில் மஞ்சள் கழன்றது. அப்புறம் ஒரு சிவப்பு. அப்புறம் கடகடவென்று எல்லா நிறமும் கழன்று, அத்தனை தலையும் ஒன்றாக நிமிர்ந்தன.

அவள் போனைத் தூக்கிக் கேமராவைப் பெரிதாக்கினாள். அடேயப்பா! முகங்கள். காற்றில் கண்ணைச் சுருக்கிக்கொண்டு, கையை நெற்றிக்குக் கொடுத்துக்கொண்டு, வாயைப் பிளந்துகொண்டு எத்தனை முகங்கள்! கம்பிக்காரருக்கு அப்படி ஒரு மீசை இருக்கும் என்று அவள் கனவிலும் நினைக்கவில்லை. கைகாட்டிக்கு உச்சியில் ஒரு முடிகூட இல்லை. கூட்டுற அம்மா துடைப்பத்தை ஆட்டிக்கொண்டிருந்தாள். மஞ்சள் ஹெல்மெட்டை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றவன் கண்ணைத் துடைத்துக்கொண்டான். இவ்வளவு பேரும் இவ்வளவு நாளும் தன் காலுக்குக் கீழே இருந்திருக்கிறார்களா? தன்னை இப்படி அண்ணாந்து பார்த்திருக்கிறார்களா? மேலக்காவுக்கு உடம்பு புல்லரித்தது. கையை ஆட்டினாள். கண்ணீர் அது பாட்டுக்கு வழிந்தது, துடைக்கத் தோன்றவில்லை.

"ஆட்டு, ஆட்டு, இன்னும் கொஞ்சம்" என்றார் கைகாட்டி, சரக்கைத் திருப்பச் சொல்வது மாதிரியே. "போட்டோ எடுத்துட்டேன். அனுப்புறேன். நீ எங்கே இருக்கேன்னு தேடணும்தான், ஆனா இருக்கே."

படம் வந்தது. நிறைய வானம், அதில் ஒரு கிரேன், கிரேனில் ஒரு சின்னக் கண்ணாடிப் பெட்டி, பெட்டிக்குள் அசைகிற ஒரு கை. மேலக்கா அதை ரொம்ப நேரம் பார்த்தாள். பிறகு மாவில் புரட்டிய முகத்தை அழித்தாள். தங்கை எழுதியதை அழித்தாள். சற்று முன் ஊருக்கே கேட்க எதைச் சொன்னாளோ அதையே, உப்பு, பல், தட்டு ஒன்றும் விடாமல் எழுதினாள். கடைசியில், 'நான் கம்பி இறக்கினால் பக்கத்தில் வைத்த டீ ஆடாது' என்று சேர்த்தாள். பச்சைப் பட்டனை அமுக்கினாள். காற்று மீட்டர் முள் இறங்கியிருந்தது.

சாயங்காலம் தங்கை போனை வாங்கிப் பார்த்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டாள்.

"முகம் எங்கக்கா?"

"அதோ, அந்தக் கண்ணாடிக்குள்ள."

தங்கை விரலால் விரித்து விரித்துத் தேடினாள். கீழே எழுதியிருந்ததைப் படித்துக்கொண்டு வந்தவள், இன்னொரு தட்டு என்ற இடத்தில் நின்றுவிட்டாள். அப்புறம் மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "பல்லைப் பத்தி எதுக்குக்கா போட்டே?" என்று மட்டும் கேட்டாள்.

பதில்கள் வந்தன. 'என்னையும் தூக்குவீர்களா' என்று ஒருத்தன். அதையே தான்தான் கண்டுபிடித்த மாதிரி இன்னும் நாலைந்து பேர். ஒருத்தன் சம்பளம் கேட்டான். ஒருத்தன் கிட்டத்தில் எடுத்த படம் கேட்டான், அனுப்பாததால் திட்டிவிட்டும் போனான். வீட்டில் அட்டைப்பெட்டிகள் ஏற ஏற, மேலக்கா போனை எடுப்பதும் குறைந்தது. தங்கை தப்பாகச் சொல்லவில்லையோ என்றுகூடத் தோன்ற ஆரம்பித்தது.

தங்கை தன் பாத்திரங்களையெல்லாம் கட்டி முடித்த அன்றைக்கு இது வந்தது.

'உங்கள் கிரேனுக்கு எதிர்க் கட்டடத்தில், மேல் மாடியில் பெரிய சலவைக்கூடம் இருக்கிறது அல்லவா, அங்கே விரிப்பு மடிக்கிறேன். படத்தைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது, ஜன்னலுக்கு நேரே உங்கள் கிரேன்தான். வேலை முடிந்ததும் அதன் கையைப் பூட்டாமல் போய்விடுகிறீர்கள். அது தானாகத் திரும்புகிறது. மறந்துவிட்டுப் போகிறார்களே, உள்ளே இருப்பவருக்கு நாளைக்கு ஏதாவது ஆகிவிடுமே என்று எத்தனை நாள் பதறியிருக்கிறேன் தெரியுமா? ஒரு நாள் இறங்கி வந்து காவல்காரரிடமே சொல்லிவிட்டேன். அவர் சிரித்தார், காரணம் சொல்லவில்லை. நீங்கள் சொல்லுங்கள். அப்புறம், இன்றைக்கு மேலே காற்றா, வெயிலா?'

மேலக்கா அட்டைப்பெட்டி மேலேயே உட்கார்ந்துவிட்டாள். அந்தப் புண்ணியவானா! வயிறு வலிக்கச் சிரித்தோமே, அவரா! முகம் தெரியாத ஒருத்தர், தனக்கு ஏதாவது ஆகிவிடும் என்று இத்தனை மாடி இறங்கி வந்திருக்கிறார். அன்றைக்கு அவள் மேலே உட்கார்ந்துகொண்டு, உலகத்தில் தனக்கென்று யாரும் இல்லை என்று நினைத்துக்கொண்டிருந்திருப்பாள். நினைக்க நினைக்க மலைப்பாக இருந்தது. ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தட்டினாள்.

'இன்றைக்குக் காற்று. பூட்டினால் சாய்ந்துவிடும். விட்டால்தான் நிற்கும். நாளைக்கு வேலை முடிந்ததும் வாசலுக்கு வாருங்கள், காட்டுகிறேன்.'

மறுநாள் கேபினை விட்டுக் கிளம்பும்போது வழக்கம்போலப் பிரேக்கை விடுவித்தாள். ஏணியில் பாதியில் நின்று தலைமுடியைச் சரிசெய்துகொண்டது இதுதான் முதல் தடவை. வாசலில், காவல்காரரின் பெஞ்சுக்குப் பக்கத்தில் ஒருத்தர் நின்றிருந்தார். நல்ல உயரம், இஸ்திரி கலையாத சட்டை, கையில் ஒரு துணிப்பை. அவர் அவளைப் பார்க்கவில்லை. தலையைப் பின்னால் சாய்த்து, உச்சியில் இருந்த கேபினையே பார்த்துக்கொண்டிருந்தார், அவள் இன்னும் அங்கேதான் இருக்கிறாள் என்கிற மாதிரி.

மேலக்கா சத்தமில்லாமல் அவர் பக்கத்தில் போய் நின்றாள். எல்லோரையும் மேலிருந்தே பார்த்துப் பழகியவள், ஒருத்தரைக் கீழிருந்து பார்த்தாள். சவரத்தில் தப்பிய நாலு முடி தாடைக்கு அடியில் தெரிந்தது. பிறகு அவர் பார்க்கிற இடத்தை அவளும் பார்த்தாள். அந்த நேரம் பார்த்துக் காற்று வந்தது. கிரேனின் நீளக் கை வானத்தில் மெல்ல, மெல்லத் திரும்பியது. சத்தமே இல்லை. தெருவின் இந்தக் கோடியில் கிளம்பி அந்தக் கோடிவரை போய், சாயங்கால வெளிச்சத்தைத் தொட்டுக்கொண்டு நின்றது. தினம் அதற்குள்ளேயே உட்கார்ந்திருப்பவள், பஸ்ஸுக்கு ஓடுகிற அவசரத்தில் ஒரு நாளும் இதைத் திரும்பிப் பார்த்ததில்லை.

"அம்மாடி, இவ்வளவு பெருசா?" என்றாள்.

"தினம் இவ்வளவு பெருசுதாங்க" என்றவர், சொன்ன பிறகுதான் திரும்பினார். அவளைப் பார்த்தார். கேபினைப் பார்த்தார். மறுபடியும் அவளைப் பார்த்தார். "நீங்களா... எப்ப இறங்குனீங்க?"

மேலக்காவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வாயை மூட மறந்துபோனாள்.

"ஆங், வணக்கம் சொல்லிடுச்சு" என்று அவர் பல்லுக்குப் பதில் வணக்கம் வைத்தார். வைத்த கையோடு துணிப்பையைத் திறந்தார். உள்ளே, மூலைக்கு மூலை சரியாக மடித்த வெள்ளைத் துணி. அதைப் பிரித்தார். ஒரு தட்டு.

"எதிர்ல இன்னொரு தட்டு இருக்கணும்னு எழுதியிருந்தீங்க." அவருக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. "உங்களோடது உங்ககிட்ட இருக்கும். அதான், என்னோடதைக் கொண்டாந்தேன்."

மேலக்கா பெஞ்சின் ஒரு பக்கத்தைக் கையால் தட்டித் துடைத்தாள். காலையில் இரண்டு பேருக்காகச் சமைத்து, மத்தியானம் தொடாமல் மேலேயே வைத்திருந்த பெரிய டப்பாவைப் பையிலிருந்து எடுத்தாள்.

"உட்காருங்க" என்றாள். "உப்பு கொஞ்சம் கூடத்தான் இருக்கும்."